சோதனை அறையின் பொத்தான்

பொத்தான் நாற்காலியின் மேல் கிடந்தது.

சுவர்க் கொக்கியில் தொங்கியிருக்க வேண்டிய பொத்தான் அது. உள்ளங்கைக்குள் அடங்கும் சாம்பல் நிறப் பிடி, நுனியில் ஒரு சிவப்புக் குமிழ், பின்னால் நீளமான வயர். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் அந்த வயரை மூன்று சுற்றுச் சுற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் அக்கா விளக்கை அணைப்பாள். பதினோரு ஆண்டுகளாக இந்தச் செவித்திறன் சோதனை நிலையத்தை நடத்தி வருபவள். அப்படி மறந்துவிட்டுப் போகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. நேற்று மதியம் அவள் பூட்டிய வாசற்கதவை இன்று, ஞாயிற்றுக்கிழமை மதியம், முதன்முதலாகத் திறந்தவர் அவளுடைய தம்பியான கணினி மெக்கானிக். சோதனை அறையின் இரட்டைக் கண்ணாடிச் சன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்த அவர், ஏதோ அவசரத்தில் போட்டுவிட்டுப் போயிருப்பாள் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். சமாதானம் சொல்லிக்கொள்வதில் அவர் கைதேர்ந்தவர்.

அறை என்பதைவிட அதைப் பெட்டி என்று சொல்வதே பொருந்தும். அக்காவும் அப்படித்தான் சொல்வாள். குளிர்பதனப் பெட்டிக்கு இருப்பது போன்ற கனத்த கதவு, சுவரெங்கும் கறுப்புப் பஞ்சு, நடுவில் ஒரே ஒரு நாற்காலி. கதவை மூடினால் வெளியுலகின் சத்தம் முழுவதும் அறுந்து போகும். சோதனைக்கு வருபவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானைக் கையில் வைத்திருப்பார். கண்ணாடிக்கு வெளியே அக்கா ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெல்லியதாக இருக்கும். கேட்டால் அழுத்த வேண்டும். அழுத்தினால் அக்காவின் மேசையில் உள்ள, செவித்திறன் அளக்கும் ஆடியோமீட்டரில் ஒரு பச்சை விளக்கு எரியும். கணினியில் ஒரு வரி பதிவாகும். அவ்வளவுதான் சோதனை.

அந்த வரிகளில்தான் சிக்கல்.

"அப்பா, நான் சின்ன ரூமுக்குப் போகட்டுமா?"

முன்கூடத்து நாற்காலியில் வரைபுத்தகத்தை மடியில் வைத்தபடி மகள் கேட்டாள். ஆறு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் பொடிசு. எட்டு மாதங்களுக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது அவளுடைய காதுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு மிஞ்சியது, ஆனால் ஏற்ற இறக்கம் தேய்ந்து, தட்டையாகிவிட்டது. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள்.

அவர் அவள் முன் குனிந்து, உதடுகள் நன்றாகத் தெரியும்படி சொன்னார். "வேணாம்டா செல்லம். அத்தை திட்டுவாங்க."

"அத்தைதான் ஊர்லயே இல்லையே."

"இருட்டா இருக்கும்."

"பரவால்ல. அங்க போர் அடிக்காது."

அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டு உள்ளே வந்தார். போர் அடிக்காது என்று அவள் ஏன் சொன்னாள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

காது மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். உள்காதுக்குள் கருவி வைத்தால் பொடிசுக்கு மறுபடியும் கேட்கும். தள்ளிப்போட்டால் அந்தக் காய்ச்சலின் பின்விளைவாக உள்காது இறுகிப்போகும், பிறகு கருவி நுழைய இடமிருக்காது. யாருக்கு அறுவைச் சிகிச்சை என்று முடிவு செய்யும் மருத்துவர் குழு செவ்வாய்க்கிழமை கூடுகிறது. அக்குழுவின் முன் வைக்கப்பட வேண்டிய அறிக்கைகளில் ஒன்று, வியாழக்கிழமை அக்கா எடுத்த இந்தப் பொத்தான் சோதனை. அதன் முடிவு: இரண்டு காதுகளும் முழுமையாகக் கேட்கின்றன. மிக மெல்லிய ஒலிவரை ஒன்று விடாமல் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது. அறிக்கைகள் முரண்பட்டால் குழு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடும்.

"மிஷின் கேக்குதுங்குது. நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்குறா. நான் யாரைத்தாங்க நம்பறது?" என்று அவருடைய மனைவி அன்றிரவு கேட்டாள். ஒரே ஒரு முறை, பெயரைச் சொன்னதும் மகள் திரும்பிப் பார்க்க வேண்டும். எட்டு மாதங்களாக அவர் வேறு எதையும் கேட்டதில்லை.

ஆகவே கணினியில் வைரஸ் இருந்தாக வேண்டும். பதிவுகளைப் பொய்யாக்கும் ஏதோ ஒன்று. அது அகப்பட்டால் சோதனையை ரத்து செய்து நாளையே வேறிடத்தில் எடுக்கலாம் என்று அக்கா சொல்லியிருந்தாள். இருபது ஆண்டுத் தொழிலில், ஒரு கணினி நோயுற்றிருக்க வேண்டும் என்று அவர் விரும்பியது இதுவே முதல் முறை.

பையிலிருந்து மூன்று பென் டிரைவ்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். மூன்றும் வைரஸ் தேடும் மீட்புக் கருவிகள். மூன்றும் வெவ்வேறு ஆட்கள் செய்தவை. அடையாளத்துக்கு மனைவியின் நகப்பூச்சு: ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று முத்து வெள்ளை. ஒன்று தவறவிட்டதை இன்னொன்று பிடிக்கும் என்பது அவருடைய முறை. தயங்கும் வாடிக்கையாளர்களுக்கு அவர் இதை விளக்கும் விதம் எளிமையானது. கணினி தன் சொந்த அமைப்போடு ஓடும்போது உள்ளே இருக்கும் வைரஸும் கூடவே ஓடும். தேடுகிறவனிடம் பொய் சொல்லும். பென் டிரைவிலிருந்து பூட் செய்தால், அதாவது கணினியை எழுப்பினால், விழிப்பது பென் டிரைவில் உள்ள அமைப்பு மட்டுமே. கணினியின் ஹார்ட் டிஸ்க் வட்டு தூங்கிக்கொண்டே இருக்கும். தூங்குகிறவனால் பொய் சொல்ல முடியாது.

முதலில் இணைய வயரைப் பிடுங்கினார். வட்டைப் படிக்க மட்டும் முடியும், எதையும் எழுத முடியாது என்ற விதத்தில் அமைத்தார். சிவப்பைச் செருகிக் கணினியை எழுப்பினார்.

விசிறி முனகியது. வெளியே வானம் இருண்டுகொண்டு வந்தது. தகரக் கூரைமீது முதல் துளிகள் ஒவ்வொன்றாக விழும் ஓசை, தூசி நனையும் வாசனை, அதற்கு அடியில் பெட்டியின் கறுப்புப் பஞ்சிலிருந்து கசியும் பழைய ரப்பரின் மெல்லிய நெடி. கதவு மூடியிருக்கும்போது அந்த நெடி வெளியே வரக்கூடாதே என்று ஒரு கணம் தோன்றியது. திரும்பிப் பார்த்தார். கதவு மூடித்தான் இருந்தது.

நாற்பது நிமிடங்களில் சிவப்பு முடித்தது. ஆபத்து எதுவும் காணப்படவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. அக்கா, வெளியூர்க் கருத்தரங்கின் இடைவேளையிலிருந்து.

"என்னடா, மாட்டுச்சா?"

"இன்னும் இல்லக்கா. ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு. நீலம் போடப்போறேன்."

"வைரஸ் தேடறதுக்கு நெயில் பாலிஷ் போட்டுக்கிட்டுப் போற ஒரே ஆம்பளை நீதான். அதுகிட்டயும் உள்ள வரலாமான்னு கேட்டுட்டுத்தான் போவியா?"

அவர் சிரித்தார். மழை ஓசையில் அந்தச் சிரிப்பு தமக்கே அயலானதாகக் கேட்டது. "அக்கா, பட்டன் நாற்காலி மேல கெடக்குது."

"எந்த பட்டன்?"

"பெட்டிக்குள்ள."

"நான் மாட்டிட்டுத்தான் வந்தேன்," என்றாள் அக்கா. குரலில் கிண்டல் இல்லை. "சரி, விழுந்திருக்கும். நீ வேலையைப் பாரு."

கொக்கியிலிருந்து விழுந்தால் தரையில் விழும். நாற்காலி கொக்கியிலிருந்து மூன்றடி தள்ளி இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.

நீலத்தைச் செருகினார்.

அதன் ஓட்டத்தின் நடுவில்தான் அது கண்ணில் பட்டது. நீலக் கருவி, தான் சோதிக்கும் கோப்புகளை அவை கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தோடு காட்டும். எல்லாம் நேற்று மதியத்தோடு நின்றிருந்தன. அக்கா பூட்டிய நேரம். ஒன்று மட்டும் நிற்கவில்லை. நோயாளி எண் 217-இன் பதிவு. கடைசி மாற்றம்: இன்று, மாலை 3:42.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 3:42.

217 பொடிசின் எண்.

முதலில் கடிகாரத்தின் மேல் சந்தேகப்பட்டார். பிறகு கருவியின் மேல். பிறகு தம் கண்களின் மேல். படிக்க மட்டும் திறந்த வட்டில் எதுவும் எழுதப்பட முடியாது. எழுத வேண்டிய நிரலோ வட்டுக்குள் தூங்குகிறது. ஏதோ நேரக்கோளாறு, இப்படி நடப்பதுண்டு என்று முணுமுணுத்தபடி கோப்பைத் திறந்தார்.

மேலே வியாழக்கிழமையின் வரிகள். நேரம், ஒலியின் அளவு, அழுத்தப்பட்டதா என்ற விவரம். நாற்பது, முப்பது, இருபது, பத்து, சுழியம். எல்லாவற்றுக்கும் எதிரே 'அழுத்தம்'. ஒரு நல்ல காது கேட்கக்கூடிய எல்லை அதுதான். அதற்குக் கீழே அக்கா சோதிப்பதே இல்லை.

ஆனால் அதற்குக் கீழேயும் வரிகள் இருந்தன.

வியாழன் இரவு. வெள்ளி அதிகாலை. நேற்று, பூட்டிய பிறகு, மணிக்கணக்காக. அளவுகள் சுழியத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டே போயின. எதிர்மறை பதினைந்து. எதிர்மறை இருபது. எந்த மனிதச் செவிக்கும் எட்டாத ஒலிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அழுத்தம்'. இன்று மதியம் 2:03-லிருந்து வரிகள் நெருக்கமாகியிருந்தன. 2:03-க்குத்தான் அவர் சாவியைத் திருப்பினார்.

அக்காவை அழைத்தார்.

"அக்கா, வியாழக்கிழமை பொடிசு பட்டனை அழுத்தினதை நீ பாத்தியா?"

"வெளக்கு எரிஞ்சுச்சுடா."

"வெளக்கு இல்ல. அவ விரலை."

"பெட்டிக்குள்ள மங்கலாத்தானே இருக்கும். அவ கையை மடியில வெச்சிருந்தா..." குரல் தேய்ந்தது. "ஒண்ணு சொன்னா திட்டாதே. போன மாசமே ஒரு நாள் உள்ள ஆளே இல்லாதப்ப வெளக்கு எரிஞ்சுச்சு. நான் தும்மினேன், எரிஞ்சுச்சு. லூஸ் கனெக்ஷன்னு நெனச்சு விட்டுட்டேன்."

"சரிக்கா."

"என்னடா சரிக்கா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. அப்புறம் கூப்பிடுறேன்."

கைப்பேசியை வைத்த 'டொக்' என்ற ஓசைக்கு ஆடியோமீட்டரின் பச்சை விளக்கு ஒரு முறை எரிந்து அணைந்தது.

பிறகு, ஒரு நல்ல தொழிலாளி செய்ய வேண்டியதைச் செய்தார். கோப்பு வளர வளரத் திரையில் காட்டும்படி வைத்தார். பேனாவை எடுத்து மேசையில் மெல்லத் தட்டினார். விளக்கு. திரையில் ஒரு வரி. தொண்டையைச் செருமினார். விளக்கு. ஒரு வரி. விரல் நுனியால் தம் சட்டைத் துணியைத் தடவினார். அந்த ஓசை அவருக்கே கேட்கவில்லை.

விளக்கு. ஒரு வரி.

லூஸ் கனெக்ஷன். அப்படித்தான் இருக்க வேண்டும். மேசைக்கு அடியில் நுழைந்தார். ஆடியோமீட்டரிலிருந்து கணினிக்கு வரும் வயரைத் தடவிக் கண்டுபிடித்தார். "கொஞ்சம் மன்னிக்கணும்," என்றார், யாரிடம் என்று தெரியாமல். பொருள்களைப் பிடுங்கும்போது அப்படிச் சொல்வது அவருடைய பழக்கம். வயரைப் பிடுங்கினார். ஆடியோமீட்டரின் மின் இணைப்பையும் பிடுங்கினார். தூசியும் ரப்பர் நெடியும் மூக்கில் அடைத்தன. மேசையின் கீழ் விளிம்புக்கு அப்பால், இரண்டு சின்னக் கால்கள், காலுறையோடு, அவரைக் கடந்து போயின. பொடிசு கழிவறைக்குப் போகிறாள். அது இந்த அறையின் கடைசியில்தான் இருக்கிறது, அவளுக்கு வழி தெரியும். கால்கள் மட்டும் ஏனோ ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தன, உயரமான யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போவது போல.

வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். ஆடியோமீட்டர் இருண்டிருந்தது. நீலம் முடிந்திருந்தது. ஆபத்து எதுவும் காணப்படவில்லை.

முத்து வெள்ளையைச் செருகிக் கணினியை மறுபடி எழுப்பினார். இனி எதுவும் எதனோடும் இணைந்திருக்கவில்லை. இணையம் இல்லை. ஆடியோமீட்டர் இல்லை. பொத்தான் சுவருக்குள் போகும் வெறும் வயர். வட்டு தூங்குகிறது.

217-ஐத் திறந்தார்.

ஒரு வரி.

இன்னொரு வரி.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. விசிறியின் முனகலைத் தவிர அறையில் ஓசையே இல்லை. அவர் பேசவில்லை. அசையவில்லை. மூச்சை அடக்கினார்.

வரிகள் நிற்கவில்லை. ஒரே சீராக வந்தன. எதிர்மறை முப்பது. எதிர்மறை முப்பது. எதிர்மறை முப்பது. சிறிது இடைவெளி விட்டு, இரண்டிரண்டாக. பிறகு வேகமாக. இன்னும் வேகமாக.

எதையோ எண்ணுகிறது.

தம் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்தார். நாடி துடித்தது. ஒரு வரி வந்தது. நாடி. வரி. நாடி. வரி.

பொடிசு இன்னும் திரும்பி வரவில்லை.

முன்கூடத்தைப் பார்த்தார். நாற்காலி காலி. கீழே இரண்டு காலணிகள், ஒழுங்காக, பக்கம் பக்கமாக. கழிவறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை. கூப்பிட வாயைத் திறந்தார். கூப்பிட்டு என்ன பயன்? குரலுக்கு அவள் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. அவர்கள் வீட்டில் அவளை விளக்கால்தான் கூப்பிடுவார்கள். சுவிட்சை இரண்டு முறை தட்டினால் எங்கிருந்தாலும் தலைநிமிர்ந்து பார்ப்பாள்.

பெட்டியின் கதவு மூடியிருந்தது. பக்கத்தில் அதன் சுவிட்ச்.

கண்ணாடிக்கு அப்பால், இருட்டில், நாற்காலியில் ஒரு சின்ன உருவம்.

தட்டினார். விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. இனி அணைக்க அவருக்குத் துணிவில்லை.

பொடிசுதான். அவருக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தாள். தலையில் ஹெட்போன் இல்லை. மடியில் வரைபுத்தகம், வலது கை எதையோ வரைந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்தும் அணைந்தும் அவள் நிமிரவில்லை. விளக்குக்கு ஒருநாளும் நிமிராமல் இருந்தவள் இல்லை.

பொத்தான் நாற்காலியில் இல்லை. கொக்கியிலும் இல்லை. வயர் மட்டும் சுவரிலிருந்து தரைக்கு இறங்கி, நாற்காலியைச் சுற்றி, அவளுடைய இடப்பக்கத்தில் மேலே எழும்பியிருந்தது. நேராக. விறைப்பாக. அவர் கதவின் கைப்பிடியைப் பற்றி இழுத்தார். அது அசையவில்லை. மறுபடி இழுத்தார். கால்களை ஊன்றி இழுத்தார். அசையவில்லை. உள்ளேயிருந்து பூட்ட அதில் பூட்டே கிடையாது.

கண்ணாடியில் நெற்றியை வைத்தார். குரல் எழவில்லை. உதடுகள் மட்டும் பிரிந்தன. அவருக்கே கேட்காத மூச்சாக அந்தப் பெயர் வெளிவந்தது.

"பொடிசு."

பின்னால், மேசைமேல், மின்சாரமே இல்லாத ஆடியோமீட்டரின் பச்சை விளக்கு எரிந்தது. கண்ணாடியில் அதன் புள்ளி தெரிந்தது.

உள்ளே, காற்று நுழைய வழியில்லாத அந்தப் பெட்டிக்குள், மகளின் காதோரத்து முடி அசைந்தது. யாரோ குனிந்து காதுக்கு மிக அருகில் ஏதோ சொன்னாற்போல.

அவள் வரைவதை நிறுத்தினாள். திரும்பினாள். எட்டு மாதங்களாக அவர் காத்திருந்த அதே திரும்பல், அதே சிரிப்பு. அவளுடைய உதடுகள் அசைந்தன. அவரால் படிக்க முடிந்தது.

"என்னப்பா?"

இடது கையை மட்டும் அவள் கீழே இறக்கவில்லை. சாலையைக் கடக்கும்போது பெரியவர்களின் விரலைப் பிடித்துக்கொள்வாளே, அப்படி, தலைக்கு மேலே உயர்த்தி எதையோ இறுகப் பற்றியிருந்தது அந்தக் கை. பற்றிய விரல்களுக்குள் எதுவும் இல்லை. அவற்றுக்கும் மேலே, வளர்ந்த ஓர் ஆளின் மற்றொரு கை இருந்திருக்கக்கூடிய உயரத்தில், அந்த மங்கிய வெளிச்சத்தில், வயரின் நுனியில் பொத்தான் தனியே நின்றுகொண்டிருந்தது. அதன் சிவப்புக் குமிழ் உள்ளே அழுந்தியது, வெளியே வந்தது, மறுபடி அழுந்தியது. அவருடைய இதயம் அடித்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு முறை.